பயோஃபிளேவனாய்டு மாத்திரை கேட்டு வருகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், செடிகளில் இருக்கிற பயோஃபிளேவனாய்டு என்ற பொருள் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் என்று அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், பி.பார்ம் படித்தவன். திங்கட்கிழமை காலை கடை திறந்து கொளுத்தி வைத்த ஊதுவத்தி இன்னும் அணையவில்லை, எங்கள் தெருவில் இருக்கிற எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் அந்தக் கட்டுரையைக் கத்தரித்து நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நிற்கிறார். "தம்பி, ரத்தக்குழாய்க்கு நல்லதாமே, இந்த மாத்திரை இருக்கா?" என்றார். அன்று மதியத்துக்குள் இன்னும் மூன்று பேர் அதையே கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மாத்திரை இருக்கிறது. அறுபது கேப்சூல் உள்ள டப்பா ஆயிரம் ரூபாய்க்கு மேல். அந்த அம்மாவுக்கு வருகிற முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். எடுத்துக் கொடுத்திருந்தால் எனக்கு நல்ல லாபம்தான், ஆனால் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும்.

கட்டுரையில் இருந்ததில் பாதி சரி. இந்த பயோஃபிளேவனாய்டுகள், சுருக்கமாக ஃபிளேவனாய்டுகள், செடிகள் தங்களுக்காகவே செய்துகொள்கிற பொருள்கள். வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காத்துக்கொள்ள, பூவுக்கும் காய்க்கும் நிறம் கொடுக்க என்று ஆயிரக்கணக்கான வகைகள் இருக்கின்றன. நாவல் பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிறதே, அது ஆந்தோசயனின். கத்தரிக்காய்த் தோலின் ஊதாவும், கருப்பு கவுனி அரிசியைக் களையும்போது தண்ணீரில் இறங்குகிற சாயமும் அதே குடும்பம்தான். வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் இருப்பது குவெர்செட்டின். கமலா ஆரஞ்சில் தோலுக்கு அடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதில் ஹெஸ்பெரிடின்.

மீதிப் பாதியில்தான் எனக்கு வருத்தம். இதை 'வைட்டமின் பி' என்று எழுதியிருந்தீர்கள். அந்த அம்மா உடனே "பி காம்ப்ளெக்ஸ்தானே?" என்று கேட்டார். இல்லை. இது ஆங்கிலத்தில் P, காம்ப்ளெக்ஸ் B, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது. அதைவிடப் பெரிய தவறு, அந்தப் பெயரையே கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன என்பதைச் சொல்லாமல் விட்டது. ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, வைட்டமின் சி ஆராய்ச்சிக்காக 1937-ல் நோபல் பரிசு வாங்கியவர், அவரும் கூட இருந்தவர்களும் 1936-ல் ஒன்றைக் கவனித்தார்கள். நுண்ணிய ரத்தக்குழாய்களிலிருந்து ரத்தம் கசிகிற சில நோயாளிகளுக்குச் சுத்தமான வைட்டமின் சி கொடுத்துப் பலன் இல்லை, எலுமிச்சையிலிருந்தும் மிளகாயிலிருந்தும் எடுத்த சாறு கேட்டது. அப்படியானால் சாற்றில் இன்னொரு வைட்டமின் இருக்க வேண்டும் என்று நினைத்து வைத்த பெயர்தான் அது. பிறகு அதே சோதனைகளைத் திரும்பச் செய்தபோது முதலில் கிடைத்த முடிவு கிடைக்கவில்லை. வைட்டமின் என்றால் அது இல்லாவிட்டால் ஒரு குறைநோய் வர வேண்டும் இல்லையா, அப்படி எதுவும் வரவும் இல்லை. 1950 வாக்கில் பெயரை விட்டுவிட்டார்கள். 1968-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே இந்த மருந்துகளுக்குப் பலன் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது. இத்தனையும் நடந்த பிறகு நம் பேப்பரில் அதே பெயர் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி வந்தால் படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

அதற்காக இதெல்லாம் சும்மா என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் ஜூட்ஃபென் என்ற ஊரில் 65 முதல் 84 வயது வரை உள்ள 805 ஆண்களை ஐந்து வருடம் கவனித்து 1993-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாப்பாட்டில் ஃபிளேவனாய்டு அதிகம் இருந்தவர்களிடம், குறைவாக இருந்தவர்களைவிட மாரடைப்புச் சாவு பாதிக்கும் கீழே. அவர்களுக்கு அது எதிலிருந்து கிடைத்தது என்று பார்த்தால் டீ, வெங்காயம், ஆப்பிள். அவ்வளவுதான். கேப்சூல் எதுவும் கிடையாது. டீ குடித்து வெங்காயம் சாப்பிடுகிறவர்கள் மற்ற பழக்கங்களிலும் நல்லபடியாக இருந்திருக்கலாம், அதனால் இதை முழு நிரூபணம் என்று சொல்ல முடியாது, ஆனால் சாப்பாட்டில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று நம்ப இடம் இருக்கிறது.

சரி, அதையே கேப்சூலில் அடைத்தால்? 2022-ல் அமெரிக்காவில் இருபத்தோராயிரம் பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வின் முடிவு வந்தது. பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளேவனால் (கோகோ விதையில் இருக்கிற ஒரு வகை ஃபிளேவனாய்டு), மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத சும்மா மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் உறுதியாகச் சொல்கிற அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. இதய நோய்ச் சாவுகள் மட்டும் 27 சதவீதம் குறைவாக இருந்தன, அது நல்ல சேதிதான், ஆனால் ஆய்வின் முக்கியக் கேள்விக்குக் கிடைத்த பதில் அது இல்லை. இவ்வளவு பெரிய ஆய்விலேயே இப்படித்தான் என்றால், கட்டுரையில் ஒரே வரியில் 'அடைப்பைக் கரைக்கும்' என்று எழுத எப்படி மனசு வந்தது?

இன்னொன்று சொல்கிறேன், எனக்கே ஆச்சரியமாக இருந்த விஷயம். 1995-ல் அதே நெதர்லாந்தில் ஒன்பது பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். வெங்காயத்தில் இருக்கிற குவெர்செட்டினில் ஏறக்குறைய பாதி, 52 சதவீதம், உடம்பில் சேர்ந்தது. தனியாகப் பிரித்தெடுத்த சுத்தமான குவெர்செட்டினில் 24 சதவீதம்தான். வெங்காயத்தில் அது சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அதனால் குடல் சுலபமாக எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அதாவது கிலோ கணக்கில் வாங்கி வீட்டில் தொங்கவிட்டிருக்கிற பொருளே நன்றாக வேலை செய்கிறது.

வருத்தம் என்னவென்றால் அதையும் நாம் தூக்கிப் போட்டுவிடுகிறோம். வெங்காயத்தில் குவெர்செட்டின் அதிகம் இருப்பது வெளிப்பக்கத்து அடுக்குகளில். என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன், அவசரத்தில் காய்ந்த சருகோடு சேர்த்து நல்ல சதையாக ஓர் அடுக்கையும் உரித்துக் குப்பையில் போடுவார்கள். சருகை மட்டும் எடுத்தால் போதும். ஆரஞ்சு உரிக்கும்போது ஒவ்வொரு சுளையிலும் நாரை நகத்தால் கீறிக் கீறி எடுத்துச் சுத்தமாக்கிக் குழந்தைக்குக் கொடுக்கிறோம், அந்த நாரோடும் வெள்ளையோடும் போகிறது ஹெஸ்பெரிடின். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதோடும் கொஞ்சம் போய்விடும், அந்தத் தண்ணீரை ரசத்தில் ஊற்றிவிடுங்கள். நீங்கள் இதையெல்லாம் எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையை நானே வெட்டிக் கடையில் ஒட்டியிருப்பேன்.

அப்புறம், கட்டுரையில் எச்சரிக்கை என்று ஒரு வார்த்தைகூட இல்லை. கத்தரித்துக்கொண்டு வந்த அந்த அம்மா இதய வால்வு ஆபரேஷன் ஆனவர், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை எடுக்கிறவர்கள் செறிவான சத்துக் கேப்சூல் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கிரீன் டீயைக் குடிப்பது வேறு, அதன் சாரத்தைக் கேப்சூலாக அதிக அளவில் விழுங்குவது வேறு. அந்தச் சாரத்தில் இருக்கிற EGCG என்ற பொருள் தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரலுக்குச் சிக்கல் வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. டீயில் இருக்கிற இதே வகைப் பொருள்கள் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கும். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை வாங்குகிற பெண்கள் எங்கள் கடைக்கு எதிரில் இருக்கிற டீக்கடையிலேயே அதைப் போட்டு டீயை ஊற்றிக்கொள்வதைத் தினமும் பார்க்கிறேன். கூப்பிட்டுச் சொல்கிறேன், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடும்மா என்று. உங்கள் பேப்பர் சொன்னால் ஆயிரக்கணக்கான பேர் கேட்பார்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். டயோஸ்மின் 450 மில்லிகிராமும் ஹெஸ்பெரிடின் 50 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை மூலத்துக்கும் காலில் ரத்தக்குழாய் வீங்குவதற்கும் டாக்டர்கள் எழுதுகிறார்கள், நானும் சீட்டைப் பார்த்துக் கொடுக்கிறேன். அது ஒரு குறிப்பிட்ட தொந்தரவுக்குக் குறிப்பிட்ட அளவில் கொடுக்கிற மருந்து. அதை வைத்து எல்லாருக்கும் எல்லா நோய்க்கும் என்று சொல்லக் கூடாது.

என் வேண்டுகோள் இரண்டு. கட்டுரையின் கடைசியில் ஒரு கம்பெனியின் கேப்சூல் படம் இருந்தது. அது விளம்பரம் என்றால் மேலேயே 'விளம்பரம்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள். செய்தி என்றால், வார்ஃபரின் பற்றியும் இரும்பு மாத்திரை பற்றியும் அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்த அம்மாவிடம் கட்டுரைத் துண்டை வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் பேப்பரில் சரியாக வரும், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மருந்துக்கடைக்காரர், கும்பகோணம் வட்டம்