காளான் மருந்து: நீங்கள் எழுதாமல் விட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட ஜப்பானில் காளான் மருந்து கொடுத்தார்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். தகவல் சரிதான், ஆனால் பாதியில் நிற்கிறது. எங்கள் சித்தப்பா அதைப் படித்துவிட்டு மீதி கீமோ எதற்கு, இந்தக் காளான் கேப்ஸ்யூலையே சாப்பிட்டால் போதாதா என்று கேட்கிறார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை, ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிய நாளிலிருந்து குழாய்த் தண்ணீர் பட்டாலே விரல் நுனியில் ஷாக் அடித்த மாதிரி இருக்கிறதாம், ஃப்ரிட்ஜ் கதவைக்கூட துணி சுற்றித்தான் திறக்கிறார்.

நீங்கள் சொன்ன மருந்தின் பெயர் கிரெஸ்டின். பட்ட மரங்களில் அடுக்கடுக்காக வளரும் வான்கோழி வால் காளானின் இழைகளைத் தொழிற்சாலையில் வளர்த்து, அதிலிருந்து பிரித்தெடுத்த பழுப்புப் பொடி அது. 1977இல் ஜப்பான் அரசு அனுமதித்தது, ஒரு நாளைக்கு 3 கிராம் அளவு. குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், இந்தப் பொடி சாப்பிட்டவர்களில் 73 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு கழித்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள், சாப்பிடாதவர்களில் 58.8 சதவீதம். சாதாரண வித்தியாசமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் இரண்டு பக்கமும் யுஎஃப்டி என்ற கீமோ மாத்திரை சாப்பிட்டார்கள் சார்! கீமோவை விட்டுவிட்டுக் காளானை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. இந்த ஒரு வரி உங்கள் கட்டுரையில் எங்கேயும் இல்லை.

அப்புறம், அது தனி யுஎஃப்டியோடு ஒப்பிட்ட கணக்கு. நிணநீர் முடிச்சுகள் வரை புற்றுநோய் பரவியவர்களுக்கு இன்று கொடுப்பது ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ, அந்த ஆய்வில் அது இல்லவே இல்லை. கிரெஸ்டின் இப்போது ஜப்பானிலேயே விற்பனையில் கிடையாது, அதையும் நீங்கள் சொல்லவில்லை.

இங்கே ஆன்லைனில் விற்கிற கேப்ஸ்யூல் அந்த மருந்தே இல்லை, உணவுப் பொருள் கணக்கில் வருகிற சத்து மாத்திரை. சித்தப்பா வாங்கி வைத்திருக்கும் டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று எறும்பு சைஸில் அச்சடித்திருக்கிறது. முன்பக்கத்தில் என்னவோ கொட்டை எழுத்தில் 'இம்யூனிட்டி'. காசு போனால் போகட்டும், கீமோ போகிற நேரத்தில் டாக்டருக்குத் தெரியாமல் இதையும் விழுங்கினால் லிவர் டெஸ்ட்டில் ஒரு எண் ஏறும்போது எதனால் ஏறியது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

விரல் மரத்துப்போவதைச் சொன்னால் டாக்டரே டோஸைக் குறைப்பார், சில பேருக்கு ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்வதும் உண்டு. சித்தப்பாவிடம் இதைச் சொல்லி அடுத்த தவணைக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறோம். அவரை மாதிரி உங்கள் கட்டுரையை வெட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் எத்தனை பேரோ. அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், இது கீமோவோடு சேர்த்துக் கொடுத்த மருந்து என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்