ஆறும்போது நடப்பது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தோள்வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. கம்ப்யூட்டரில் வெல்டிங் செய்து என்ன தெரிந்துகொள்கிறாய் என்று கேட்டிருந்தாய் அல்லவா, அதற்காகவே இந்தக் கடிதம்.

இரண்டு மாதமாக ஒரே ஒரு டி-ஜாயிண்ட்தான், ஒரு பிளேட்டின் மேல் இன்னொன்றை ‘T’ போல நிறுத்திப் பற்றவைப்பது. பிளேட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, அதன்மேல் வெப்பத்தை நகர்த்துகிறேன். 25 வோல்ட், 200 ஆம்பியர் என்றால் 5,000 வாட். அதில் சுமார் 80 சதவீதம் பிளேட்டுக்குள் இறங்கும். 1984-இல் கோல்டாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் சொன்ன வடிவத்தில், முன்பக்கம் குட்டையும் பின்பக்கம் நீளமுமான முட்டை போல, அந்த வெப்பத்தைப் பரப்புகிறோம். முட்டையின் அளவுக்கு மட்டும் ஊகம் உதவாது. நிஜ ஜாயிண்ட்டை அறுத்து, பாலிஷ் செய்து, ஆசிட் தடவினால் உருகிய எல்லை தெரியும். அதோடு பொருந்தும்வரை மாற்ற வேண்டும்.

அப்புறம்தான் தகைவு, அதாவது உலோகத்துக்குள்ளேயே இழுத்தும் அழுத்தியும் நிற்கும் விசை. இரு முனையும் அசையாமல் பிடித்த மைல்டு ஸ்டீல் கம்பியை 100 டிகிரி போல கூடுதலாகச் சூடாக்கினாலே அது நிரந்தரமாக நசுங்கத் தொடங்கும். வெல்டிங்கிலோ 1,500 டிகிரி! விரியத் துடிக்கும் உலோகத்தைச் சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி விடுவதில்லை. நசுங்கிய அதே உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும், அப்போதும் விடாது. அந்த இழுபறிதான் கடைசிவரை உள்ளே தங்குகிறது.

இதில் நான் இரண்டு வாரம் தவித்தேன். எஃகு தாங்கக்கூடியதைவிட மிக அதிகமான தகைவு வந்துகொண்டே இருந்தது. உருகும்போது உலோகம் அதுவரை பட்ட நசுங்கலையெல்லாம் மறந்துவிடும். அதைக் கணக்கில் சொல்ல விட்டுவிட்டேன். சேர்த்ததும் எண்கள் இறங்கின. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

நீ நீளமான ஜாயிண்ட்டைத் துண்டு துண்டாக, பின்னோக்கி வந்து போடுவாயே, அதையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். கோணல் நன்றாகக் குறைந்தது. ஆனால் உள்ளே இருக்கும் இழுவிசை பெரிதாக மாறவில்லை. உன் கைக்கு இதில் பாதி எப்போதோ தெரிந்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

சரி, ஒன்று மட்டும் எழுது. கிளாம்பை எப்போது கழற்றுவாய்? கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருப்பாயா, அதற்கு முன்னேயா? சூட்டோடு கழற்றினால் பிளேட் அதிகம் வளைகிறது. அடுத்த ஓட்டத்தில் நீ சொல்லும் நேரத்தையே போடப்போகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்