நிமிடத்துக்கு 90 அடி

மான்ட்ரியல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? தலைக்குந்தாவில் உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடப்பதை அக்கா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். இங்கே நேற்று மைனஸ் 21. நல்ல கோட்டும் பூட்ஸும் வாங்கிவிட்டேன், கவலைப்படாதீர்கள். அம்மா அனுப்பிய வர்க்கி பாதி நொறுங்கித்தான் வந்தது. தூளைக்கூட விடாமல் டீயில் போட்டுச் சாப்பிட்டேன்.

"அஞ்சு மாசமா ஒரே படத்தையா வெட்டிட்டு இருக்கே?" என்று போனில் கேட்டீர்கள். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் எடிட் செய்கிற ஆவணப்படம் ஒரு சுரங்க ஊரைப் பற்றியது. இங்கிருந்து கிழக்கே காரில் இரண்டு மணி நேரம். ஊரின் பெயரே ஆஸ்பெஸ்டாஸ் என்றுதான் இருந்தது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நம் விறகுக் கொட்டகைக்குப் போட்டிருந்தோமே, அந்தச் சாம்பல் நிற ஷீட்டுக்கு வேண்டிய நார்தான் அங்கே தோண்டியது. கனடாவிலிருந்து இந்தியாவுக்கு ஏராளமாக வந்திருக்கிறது. 1949-இல் அந்த வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளிகள் சுமார் 5,000 பேர் நான்கு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு, நெஞ்சை அரிக்கும் அந்தத் தூசியை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். 2012-இல் சுரங்கம் அடியோடு மூடப்பட்டது. 2018-இல் நாடே ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தது. 2020-இல் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு ஊர்ப் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஊட்டி இந்து நகரும், மூடிப்போன உங்கள் ஃபிலிம் ஃபேக்டரி ஹெச்.பி.எஃப்.பும் ஞாபகம் வரும். எனக்கும் தினமும் அதுதான்.

கையில் வந்தது 140 மணி நேரக் காட்சி. உங்கள் கணக்கில் சொல்கிறேன்: 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்று சொல்லிக்கொடுத்தீர்களே, அப்படிப் பார்த்தால் 7,56,000 அடி. நீட்டிப் போட்டால் 230 கிலோமீட்டர், ஊட்டியிலிருந்து மைசூர் போய்க் கிட்டத்தட்டத் திரும்பி வந்துவிடலாம். படத்தில் மிஞ்சப்போவது 84 நிமிடம், 7,560 அடி. நூறில் ஒன்று. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான், ஆனாலும் நான் அடியில் நினைத்தால்தான் எவ்வளவை ஒதுக்குகிறேன் என்பது உறைக்கிறது.

முதல் ஆறு வாரம் வெட்டவே இல்லை. 140 மணி நேரத்தையும் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுத்தேன். கதைப் படத்துக்கு முன்கூட்டியே திரைக்கதை இருக்கும். ஆவணப்படத்துக்கு அதை எடிட்டிங் அறையில்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சீட்டு எழுதிச் சுவரில் ஒட்டி, மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்போம். ஒரே பேச்சை ஊர் வயலுக்குப் பிறகு வைத்தால் ஒரு அர்த்தம், ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பிறகு வைத்தால் வேறு அர்த்தம். அந்தப் பொறுப்புதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. பேசியவர் உயிரோடு இருக்கிற மனிதர். படம் வந்த பிறகும் அதே ஊரில்தான் கடைக்குப் போவார்.

பெண்கள் அங்கே இந்த வேலை செய்கிறார்களா என்று அத்தை கேட்டாளாம். தொடக்கத்திலிருந்தே செய்கிறார்கள் என்று சொல்லுங்கள். நூறு வருஷத்துக்கு முன்பே ரஷ்யாவில் எலிசவேத்தா ஸ்விலோவா என்ற பெண்மணி தன் கணவர் ஜிகா வெர்தோவின் ஆவணப்படங்களை எடிட் செய்தாள். தையல் மாதிரி நுணுக்கமான கைவேலை என்று நினைத்துப் பெண்களை வைத்தார்களாம். முடிவெடுக்கிற வேலை என்பது பலருக்குப் பிறகுதான் புரிந்தது.

வந்த புதிதில் பட்ட பாட்டை உங்களிடம் சொன்னதில்லை. இரண்டு வருஷம் ராத்திரி வேலை, சப்டைட்டில் போடுவதும் சத்தத்தைப் படத்தோடு பொருத்துவதும்தான். ஒரு இடத்தில் மூன்று மாதச் சம்பளம் வரவே இல்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வாடகைக்குக் காத்திருந்து, சோறும் போட்டார். அவரை நான் மறக்க மாட்டேன்.

எனக்கு வழி திறந்தது உங்களால்தான் அப்பா. ஒரு ஸ்டுடியோவில், ஃபிலிமை ஓட்டிப் பார்த்து எடிட் செய்கிற பழைய ஸ்டீன்பெக் மேசை இருந்தது. ஒரு பெரியவர் ஃபிலிம் துண்டைக் கொடுத்து, இதில் படம் பதிகிற மருந்து பூசிய பக்கம் எது என்று கேட்டார். நான் யோசிக்காமல் உதட்டை ஈரப்படுத்தி அதில் வைத்தேன். ஒட்டிய பக்கத்தைக் காட்டினேன். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். இருட்டில் ஃபிலிம் அறுக்கிற வேலை செய்த என் அப்பா என்றேன். மறுவாரமே உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்.

இந்தப் படத்தில் ஒரு பழைய தொழிலாளி வருகிறார். சமையலறை மேசை, மேலே பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. சுரங்கம் மூடிய பிறகு முதல் காலை எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். அவர் பேசவில்லை. விரிப்பில் ஒரு மடிப்பு. அதைக் கட்டைவிரலால் நீவுகிறார். அது திரும்ப எழும்புகிறது. மறுபடி நீவுகிறார். 38 விநாடி. பிறகு, "சீக்கிரம் எழுந்துவிட்டேன்" என்கிறார், அவ்வளவுதான். டைரக்டர் 10 விநாடி போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஹெச்.பி.எஃப். ஓடாமல் நின்ற பிறகும் நீங்கள் ஐந்தரைக்கு எழுந்து, ஸ்வெட்டர் போட்டு, வாசல்வரை போய் நிற்பீர்கள். அம்மா டீயை ஆற்றிக்கொண்டே பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். அது 10 விநாடியில் வருகிற விஷயம் இல்லை. மூன்று வாரம் வாதாடினேன். 38 விநாடியும் படத்தில் இருக்கிறது.

ஒரு உதவி வேண்டும். பேட்டி முடிந்ததும் சவுண்ட் எடுப்பவர் எல்லோரையும் ஒரு நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி, அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்வார். ஒவ்வொரு அறைக்கும் அது வேறு. வெட்டிய இடம் காதில் இடறாமல் அதைத்தான் கீழே விரிப்போம். நம் வீட்டு அமைதி என்னிடம் இல்லை. காலையில் நீங்கள் டீ குடிக்கும்போது செல்போனை ஜன்னல் திட்டில் வைத்து இரண்டு நிமிடம் பதிவு செய்து அனுப்புங்கள். எதுவும் பேச வேண்டாம். அம்மா அந்த நேரம் குக்கர் வைத்திருந்தால், அந்தச் சத்தமும் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சின்னவள்