சாய்ஸில் விட்ட பாடம்

மே 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். பேரன் நன்றாக இருக்கிறான். வெயில் நேரத்திலும் கிணற்றில் குதித்துக் குதித்துக் கறுத்துப் போய்விட்டான். பார்த்ததும் உன் அம்மாவைத் திட்டாதே, அவள் சொல்லித்தான் பார்த்தாள்.

போன வாரம் நடந்ததை மறுபடி ஒரு முறை சொல்கிறேன், நீ கோபத்தில் சரியாகக் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது டிவி செய்தியில் ஒரு பெண் கலெக்டர் ஏதோ அணையைப் பார்வையிடுவதைக் காட்டினார்கள். உன் மகன் நிமிர்ந்து பார்த்து, "தாத்தா, இவங்க எந்தக் கட்சி?" என்றான். ப்ளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன். வருகிற செப்டம்பரில் 18 முடிகிறது. அப்புறம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கவர்னருக்கும் நாம்தான் ஓட்டுப் போடுகிறோம் என்று நினைத்திருக்கிறான். டெல்லிக்குப் போகிறவர் எம்.எல்.ஏ.வா எம்.பி.யா என்று கேட்டால் யோசிக்கிறான். ஆனால் அமெரிக்கத் தேர்தலில் எந்த மாநிலம் எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான் போலிருக்கிறது.

இதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "லட்சக்கணக்கில ஃபீஸ் வாங்குறாங்களே, இதைக்கூடச் சொல்லிக் கொடுக்கலையா? உங்க காலத்து வாத்தியாருங்க மாதிரி இப்ப யாரு இருக்காங்க?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்க விடவில்லை. ஏனென்றால் அந்தக் காலத்து வாத்தியார் நான்தான். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் எடுத்திருக்கிறேன். புத்தகத்தில் முதலில் வரலாறு, அப்புறம் புவியியல், அதற்கும் பின்னால்தான் குடிமையியல். நாம் அதைத் தொடும்போது டிசம்பர் ஆகிவிடும், ரிவிஷன் டெஸ்ட் வந்துவிடும். தலைமையாசிரியருக்குத் தேர்ச்சி விழுக்காடு வேண்டும். தேறமாட்டான் என்று தோன்றுகிற பையன்களைத் தனியாக உட்கார வைத்து, "மேப் போட்டுப் பழகு, காலக்கோடு போட்டுப் பழகு, பாஸாகிவிடலாம். குடிமையியலைச் சாய்ஸில் விட்டுடு" என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, வருஷா வருஷம். கங்கை எங்கே ஓடுகிறது, கோதாவரி எங்கே கலக்கிறது என்று வரையத் தெரிந்து போனவர்கள், கிராம சபை என்றால் என்ன என்று தெரியாமல் போனார்கள். அதில் பாதிப் பேருக்கு இப்போது நாற்பது வயது. உன் வயது.

பரீட்சைக்கு வராததை எந்தப் பள்ளியும் நடத்தாது, பாப்பா. பதினோராம் வகுப்புப் பாடத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு முதல் வருஷத்திலேயே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்தார்கள் என்பதால்தானே 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டு வந்தார்கள். ஒரு முழு வகுப்பையே விழுங்கத் தெரிந்தவர்களுக்குக் குடிமையியல் நாலு பாடம் எந்த மூலைக்கு? உன் மகன் பத்தாவது முடித்தது 2023இல். கம்ப்யூட்டர் குரூப் எடுத்தான். அந்தக் குரூப்பில் அரசியல் அறிவியல் கிடையாது. ஆக, அரசியல் சட்டம் என்ற பேச்சே பதினைந்து வயதோடு அவன் படிப்பிலிருந்து போய்விட்டது. ஓட்டு வருவது பதினெட்டில். அதற்கு முந்தைய எட்டாவதும் ஒன்பதில் பாதியும் கொரோனாவில் போனில் ஓடின. அந்த வகுப்புகள் நடந்த லட்சணத்தை நீயே பார்த்திருக்கிறாய், கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடந்தான் என்று நீதான் சொன்னாய்.

இதற்கிடையில் ஒரு சின்னக் கதை. ஒரு வருஷம் எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு ஆசை வந்தது. லீடரை நாம் நியமிக்க வேண்டாம், பையன்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று துண்டுச்சீட்டுத் தேர்தல் வைத்தேன். சாக்குப் பையைப் பெட்டியாகக் கட்டினோம். தேர்தலுக்கு முந்தின நாள் ஒரு வேட்பாளன் வகுப்பு முழுக்கத் தேன் மிட்டாய் கொடுத்துவிட்டான். இன்னொருவன் அதைவிடப் பெரிதாக, ஆளுக்கு ஒரு பேனா. தலைமையாசிரியர் காதுக்குப் போய், "சார், இந்த வேலையெல்லாம் நமக்கு எதுக்கு" என்றார். நிறுத்திவிட்டேன். அடுத்த வருஷத்திலிருந்து பழையபடி முதல் ரேங்க் வாங்குகிறவன்தான் லீடர். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நான் புத்தகத்திலிருந்து நடத்தாத பாடத்தை அவர்கள் தெருவிலிருந்து தெளிவாகப் படித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள்.

தெருவில் இல்லாததை மட்டும் எங்கே போய்ப் படிப்பார்கள்? உள்ளாட்சியை எடுத்துக்கொள். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி, 1993இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சென்னை மாநகராட்சியில் கவுன்சிலர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் அதிகாரிகள்தான் நடத்தினார்கள். உன் மகனுக்கு ஒன்பது வயதில் போன கவுன்சிலர், பதினான்கு வயதில்தான் திரும்பி வந்தார். குப்பை வண்டி வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது என்பது ஒரு பிள்ளைக்குப் புரிகிற வயது அதுதான். அந்த வயதில் அவன் கண்ணில் அப்படி ஒரு மனிதரே படவில்லை. இதற்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யும், வாத்தியார் என்ன செய்வார்?

சரி, இப்போது உங்கள் வார்டு கவுன்சிலர் யார் என்று அன்றைக்கு உன்னிடம் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாய். இன்னும் சொல்லவில்லை.

கோபித்துக்கொள்ளாதே. உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை, எனக்கே ஒரு கணக்கு இருக்கிறது. 2001. நீ ப்ளஸ் டூ முடித்திருந்தாய். கவுன்சிலிங்குக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். ஒரு அலுவலகத்துக்கு உன்னை ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். வாசலில் மரத்தடியில் மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், ஞாபகம் இருக்கிறதா? அவர் கையில் ஒரு கவரைக் கொடுத்தேன். "எதுக்குப்பா இது, இலவசம்னு போர்டு இருக்கே" என்று கேட்டாய். "சும்மா வா" என்றேன். மூன்றாம் நாள் சான்றிதழ் வீட்டுக்கு வந்துவிட்டது, நானும் பெருமையாகத்தான் நீட்டினேன். நான் உனக்கு நடத்திய ஒரே குடிமையியல் பாடம் அதுதான். நீ நன்றாகவே படித்துக்கொண்டாய். லைசென்ஸ் எடுக்கும்போது டிரைவிங் ஸ்கூல்காரரிடம் மொத்தமாகக் கொடுத்து முடித்ததை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய், பேரனும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் காலத்தில் எல்லாரும் எல்லாம் தெரிந்து ஓட்டுப் போட்டோம் என்று கதை விட மாட்டேன். எனக்கு ஓட்டு வந்தது 21 வயதில், அப்போது அதுதான் சட்டம்; 18 ஆனது 1989இல். நீ பிறந்த வருஷக் கடைசியில், 1984 டிசம்பரில்தான் முதல் ஓட்டுப் போட்டேன். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்து இரண்டு சீட்டு கொடுத்தார்கள். எது எதற்கு என்று எனக்கு முன்னால் நின்ற பெரியவர் கேட்டார், எனக்கும் உறுதியாகத் தெரியவில்லை. ஊர்ப் பெரிய வீட்டில் கைகாட்டிய பக்கம்தான் ஊரே போட்டது. அறியாமை புதிது இல்லை. ஆனால் அன்றைக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோ முன்னால் பத்துப் பேர் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள், சிறுபயல்கள் ஓரமாக நின்று கேட்போம். தப்பும் தவறுமாகவாவது காதில் விழும். உங்கள் வீட்டில் அரசியல் பேச்சு எடுத்தாலே "பையன் படிக்கிறான்" என்று மாப்பிள்ளை டிவியை மாற்றிவிடுகிறார்.

நம் மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி கதை உனக்குத் தெரியும். தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு என்று ஒதுக்கியதால் 1996இலிருந்து பத்து வருஷம் அங்கே தேர்தலையே முறையாக நடத்த முடியவில்லை, 2006இல்தான் நடந்தது. அந்த வருஷங்களில் சுற்றுவட்டப் பள்ளிகளில் நாங்கள் "சட்டத்தின் முன் அனைவரும் சமம்" என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பையன்கூட எழுந்து கேள்வி கேட்டதில்லை. பக்கத்து ஊர்ச் சேதி அவனுக்குத் தெரியாதா? தெரியும். கேட்கக் கூடாது என்பதும் தெரியும். அவனிடம் போய் அறிவு இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் மே முதல் தேதி பேரனைக் கிராம சபைக்குக் கூட்டிப் போனேன். வரமாட்டேன் என்றான். கறிச்சோறு ஆசை காட்டித்தான் கிளப்பினேன். இதுவும் கிட்டத்தட்டத் தேன் மிட்டாய்தான், என்ன செய்ய.

சமுதாயக் கூடத்தில் சாமியானா, முப்பது நாற்காலி. "பிரசிடெண்ட் யாரு தாத்தா?" என்று முதல் கேள்வியே சிக்கலாகக் கேட்டான். பிரசிடெண்ட் இல்லை. 2019 கடைசியில் நடந்த தேர்தலில் வந்தவர்களின் காலம் இந்த ஜனவரியோடு முடிந்துவிட்டது, அடுத்த தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிறது என்றேன். "அப்ப புக்ல ஏன் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறைன்னு போட்டிருக்கு?" என்றான். சாய்ஸில் விடாமல் எங்கேயோ படித்திருக்கிறான் பார்.

நம் ஊர் அளவுக்கு நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களை வரச்சொல்லியிருந்தார்கள், கூட்டமே அவர்களால்தான். தீர்மானங்களை ஒருவர் வேகவேகமாக வாசித்தார். குடிநீர், கழிப்பறை, பிளாஸ்டிக். யாரும் கேட்கவில்லை. அப்போது மேலத்தெரு அக்கா ஒருத்தி எழுந்து, "மூணு மாசமா கூலி வரலை. நாள் கூலி 336 ரூபான்னு உசத்திட்டோம்னு சொல்றீங்க, உசத்துனதை விடுங்க, பழசை எப்பத் தருவீங்க?" என்று கேட்டாள். மேடையில் இருந்தவர், "அது மேலே இருந்து வரணும்மா" என்றார்.

"மேலேன்னா யாரு?" என்று பேரன் என் காதில் கேட்டான்.

பாப்பா, இத்தனை வருஷத்தில் இவ்வளவு நல்ல கேள்வி என் வகுப்பில் வந்ததில்லை. வீடு வரும் வரை அதையே பேசிக்கொண்டு வந்தோம். நூறு நாள் வேலைச் சட்டம் 2005இல் நாடாளுமன்றம் போட்டது, கூலிப் பணம் டெல்லியிலிருந்து வர வேண்டும், ஆள் கணக்கை அனுப்புவது மாநிலம், எந்தக் கண்மாயில் மண் வெட்டுவது என்று முடிவு செய்ய வேண்டியது அந்தச் சாமியானாவில் உட்கார்ந்திருந்தவர்கள். ஆக, அந்த அக்கா கேட்டதில் எம்.பி., எம்.எல்.ஏ., பஞ்சாயத்துத் தலைவர் மூன்று பேரும் இருக்கிறார்கள். கலெக்டர் எங்கே வருகிறார் என்று அவனே கேட்டான். அவர் எந்தக் கட்சியும் இல்லை என்பதும் அந்த இடத்தில்தான் அவனுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். ஒரேயடியாக மாறிவிட்டான் என்று நினைக்காதே, வந்ததும் போனை எடுத்துக்கொண்டு படுத்துவிட்டான்.

ஒன்று சொல்ல மறந்தேன். ஆள் குறைகிறது என்று கையெழுத்து நோட்டை அவனிடமும் நீட்டினார்கள். பேனாவை வாங்கிவிட்டு என்னைப் பார்த்தான். "நீ இந்த ஊர் வாக்காளனும் இல்லை, எந்த ஊர் வாக்காளனும் இல்லை" என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டான். நோட்டை நீட்டியவருக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்.

அதனால் உனக்கு இரண்டு வேலை. பதினேழு முடிந்தாலே வாக்காளர் பட்டியலில் சேர முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், படிவம் 6. அவன் செப்டம்பரில் பதினெட்டு முடிப்பதால் அக்டோபர் 1 கணக்கில் சேர்ந்துவிடும், அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டு இருக்கும். நீ போட்டுக் கொடுக்காதே, அவனே போனில் நிரப்பட்டும். தப்பாகப் போட்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி போடட்டும்.

இரண்டாவது வேலை உன்னுடையது. போன வாரம் இங்கே வாக்காளர் பட்டியலைப் பார்த்தேன். என் பெயருக்கும் அம்மா பெயருக்கும் கீழே உன் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. கல்யாணமாகிப் போய் இத்தனை வருஷத்தில் நீ இங்கே வந்து ஓட்டுப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, அங்கே போட்டிருக்கவும் முடியாது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. அதையும் அவனையே நிரப்பச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற்றிவிடுகிறேன். பையில் மாவடு இருக்கிறது, உப்புத் தண்ணீர் வழியாமல் அம்மா இரண்டு கவர் போட்டிருக்கிறாள். நிமிர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா