திருமாந்துறைக்கும் சமயபுரத்துக்கும் நடுவில்

அன்புள்ள இளங்கோவுக்கு,

நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மருமகள், பாப்பா நலமும் அறிய ஆவல். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ "சரி அப்பா, மீட்டிங் இருக்கிறது" என்று வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

வெங்காயம் பிடுங்கிப் பட்டறை போட்டாயிற்று. விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். நான் எழுத வந்தது சாலையைப் பற்றி.

நீ கார் ஓட்டக் கற்றது சென்னையில். நகரத்துக்குள் ஓட்டுவது வேறு, இரவில் திருச்சி ரோட்டில் ஓட்டுவது வேறு. இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் ஸ்டியரிங்கைப் பிடிக்காதே. எனக்கு டூட்டி கற்றுக்கொடுத்த மூத்த டிரைவர்கள் முதலில் சொன்னது இதுதான். தூக்கம் கண்ணைச் செருகும்போது வருவதில்லை. கண் திறந்தே இருக்கும், மனம் தூங்கிவிடும். எதிரே நிற்கும் லாரி ஓடுவதுபோலத் தெரியும். நீ இரவில் ஓட்டுகிறாய் என்று நான் சொல்லவில்லை. ஓட்ட நேர்ந்தால் என்று சொல்கிறேன்.

பெருங்களத்தூர், வண்டலூர் வரைக்கும் நெரிசலே உன்னை விழிப்பாக வைத்திருக்கும். நான் திருவள்ளுவர் பஸ் ஓட்டிய காலத்தில் வண்டலூர் தாண்டினாலே இருட்டு. இப்போது கிளாம்பாக்கத்தில் பஸ் நிலையமே வந்துவிட்டது, சிங்கப்பெருமாள் கோயில் வரை கடை விளக்கு தெரிகிறது என்கிறார்கள். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி, அதற்குப் பிறகு பாலாற்றுப் பாலம். பாலாற்றில் நான் பார்த்ததெல்லாம் மணல்தான். தண்ணீர் ஓடிய நாட்கள் அபூர்வம்.

மதுராந்தகம் ஏரிக்கரைக் கதையை உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். கலெக்டர் லயனல் பிளேஸ் காலம், 1798. கரை திரும்பத் திரும்ப உடைகிறது. இந்த மழைக்குக் கரை நின்றால் தாயாருக்குச் சந்நிதி கட்டித் தருகிறேன் என்று அந்த வெள்ளைக்காரர் வேண்டிக்கொண்டாராம். அடைமழை இரவில் கரையைப் பார்க்கப் போனவருக்கு, வில்லும் அம்புமாக இரண்டு பேர் கரைமேல் காவல் நிற்பது தெரிந்ததாம். அதனால்தான் அங்கே ஏரி காத்த ராமர். கேட்ட அன்று "அவர்கள் இரவு முழுக்கத் தூங்கவே இல்லையா அப்பா?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி எனக்கு இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம் தாண்டி ஓங்கூர் வந்தால் மாவட்டம் மாறிவிடும். திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் வழி பிரியும். எனக்கு இது முழுவதும் தேசிய நெடுஞ்சாலை நாற்பத்தைந்துதான். 2010-ல் எண்ணை மாற்றி, சென்னையிலிருந்து திண்டிவனம் வரை 32, அங்கிருந்து விழுப்புரம் வரை 132, அதற்குமேல் திருச்சி, மதுரை என்று தூத்துக்குடி வரை 38 என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே சாலையை மூன்றாக வெட்டி மூன்று பெயர் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. தாம்பரம் பக்கம் இன்னும் ஜி.எஸ்.டி. சாலை என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் வைத்த கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்ற பெயர் அது. அந்தப் பெயராவது மிஞ்சியதே.

விக்கிரவாண்டியில் கட்டாயம் நிறுத்து. டீ குடி, முகம் கழுவு, நாலு எட்டு நட. நெடுந்தூர பஸ்களெல்லாம் அங்கே நிற்பது சும்மா இல்லை. அதற்குப் பிறகுதான் ஆபத்து. விழுப்புரம் தாண்டினால் சாலை நீளமாக, நேராக, ஒரே மாதிரியாக ஓடும். தென்பெண்ணைப் பாலம், அரசூர். 2024 டிசம்பரில் புயல் மழைக்குப் பிறகு அரசூரில் வெள்ளம் சாலைமேல் ஏறி ஓடிப் போக்குவரத்தே நின்றது, நினைவிருக்கிறதா? அன்று அம்மா டிவியை விட்டு நகரவில்லை. "அவன் சென்னையில்தானே இருக்கிறான், உனக்கென்ன?" என்று நான் அதட்டினேன். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலை பிரியும். அங்கிருந்து வேப்பூர், தொழுதூர் வழியாக நம் பக்கம் வரும் பகுதிதான் கல்நெஞ்சக்காரச் சாலை. வெள்ளாற்றைக் கடந்து பெரம்பலூர் மாவட்டத்துக்குள் நுழையும்போது டிரைவருக்கு ஊர் வந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும். அந்த நினைப்பில்தான் கால் ஆக்சிலரேட்டரில் அழுந்தும். மக்காச்சோளம் ஏற்றிய லாரிகள் பின் விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும். மீடியன் இடைவெளியில் மோட்டார் சைக்கிள்காரர் குறுக்கே வருவார். சில ஊர்களில் எதிர்த்திசையிலேயே வருவார்கள். ஓரத்துப் பாதையை நம்பாதே. 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் இந்தப் பகுதியில் இருக்காதே.

ரஞ்சன்குடிக் கோட்டை உனக்குத் தெரிந்ததுதான். நீ பள்ளிச் சுற்றுலா போய்வந்து, பீரங்கி மேடையைக் காகிதத்தில் வரைந்து காட்டினாய். உன் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தச் சாலையில் சண்டையே நடந்திருக்கிறது. 1751-ல் ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கான போட்டியில் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் ஒரு பக்கம், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபக்கம். வாலிகண்டபுரத்தில் மோதினார்கள். ஆங்கிலப் படை மிரண்டு பின்வாங்கி, நம் ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது இளைஞராக இருந்த ராபர்ட் கிளைவும் அந்தப் படையோடு வந்திருந்தார். மறு ஆண்டே அதே வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுத் தளபதி டோட்டாய் கிளைவிடம் சரணடைந்தார். சென்னையிலிருந்து திருச்சியைப் பிடிக்க வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் நம் வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான்.

ரயில் நம்மை விட்டுவிட்டது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் என்று கிழக்கே ஒதுங்கிப் போய்விட்டது. பெரம்பலூருக்கு ரயில் நிலையமே கிடையாது. என் அப்பா ஜங்ஷனில் வேலை தேடப் போனதும், நான் லைசென்ஸ் எடுக்கப் போனதும், உன் அம்மா கல்யாணமாகி வந்ததும், நீ கல்லூரிக்குப் பெட்டியோடு போனதும் எல்லாம் இந்த ஒரு சாலையில்தான்.

நான்கு வழியாக அகலப்படுத்தியபோது நம் கிணற்றுக்காட்டில் ஒரு கீற்று போயிற்று. சாலையோரப் புளியமரங்கள் எல்லாம் போயின. தாத்தா குத்தகைக்கு எடுத்துப் புளி உலுக்கிய மரங்கள் அவை. வெட்டிய அன்று நான் டூட்டியில் இருந்தேன். திரும்பி வரும்போது ஊர் எங்கே என்று ஒரு கணம் தெரியவில்லை. இழப்பீடாக வந்த பணத்தைத்தான் உன் கல்லூரியில் கட்டினேன். இதைக் கணக்குச் சொல்வதற்காக எழுதவில்லை. நம் வீட்டிலிருந்து இன்ஜினீயர் என்று முதலில் ஒருவன் வந்தது அந்த நிலத்தால்தான் என்று நான் யாரிடமும் பெருமையாகச் சொல்வேன், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். அந்த நிலத்தின்மேல் ஓடும் சாலையில் போகிறவன் ஒரு நிமிடம் வண்டியைத் திருப்பி வீட்டுக்குள் வந்தால் என்ன என்றுதான் கேட்கிறேன்.

சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். பாப்பாவுக்கு அங்கே முடி இறக்குவதாக அம்மா வேண்டியிருக்கிறாள். எப்போது என்று கேட்டால் "பார்க்கலாம்" என்கிறாய். மருமகளிடம் கேட்கலாம் என்று போன் செய்தால் எடுப்பதில்லை. முன்பெல்லாம் அவள்தான் அழைப்பாள். பாப்பாவை போனுக்கு நேரே காட்டி "தாத்தா பார், தாத்தா பார்" என்பாள். தங்கமான பெண். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

பாடாலூர், சிறுகனூர், சமயபுரம். அதைத் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட். பெயரைப் பார், சுங்கம் வாங்குவது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. அதற்கு அந்தப் பக்கம் கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய இரும்புப் பாலம் இருந்தது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து விழுந்ததை நேரில் போய்ப் பார்த்தேன். நீ இப்போது பைபாஸ் பாலங்களில் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்துவிடலாம். சஞ்சீவி நகர், அப்புறம் பால்பண்ணை. பால்பண்ணையில் இடப்பக்கம் தஞ்சாவூர் சாலையில் திரும்பினால் திருவெறும்பூர். அந்த வழியை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி, இந்தக் காரை என் ஓய்வுப் பணத்தில் என் பெயரில் வாங்கினோம். அதன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாக்கும் என் பெயரில்தான் இருக்கிறது. நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். பணம் பிடித்த செய்தி ஒவ்வொன்றும் என் போனுக்குத்தான் வருகிறது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம். வெள்ளி இரவு கிளம்புகிறாய். சனிக்கிழமை அதிகாலை 2.50-க்குத் திருமாந்துறை, 3.35-க்குச் சமயபுரம். ஞாயிறு இரவு அதே வரிசை தலைகீழாக வருகிறது. ஆடி மாதத்திலிருந்து இப்படித்தான்.

திருமாந்துறைச் செய்தி வந்தபிறகு சமயபுரச் செய்தி வரும்வரை நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் அந்த இடைவெளி ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டுவிட்டது. டார்ச் எடுத்துக்கொண்டு சாலை வரைக்கும் போய்விட்டேன். எங்கேயாவது நிறுத்திக் கண்ணயர்ந்திருப்பாய். அப்படியென்றால் நல்லதுதான், நான் சொன்னதும் அதைத்தான்.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. அவளும் செய்தி படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள், அதனால் போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். சம்பந்தி வீட்டுக்கும் நான் போன் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை. மருமகள் எதற்காகத் திருவெறும்பூர் போனாள், யார் என்ன சொன்னீர்கள் என்று கேட்கமாட்டேன். அது உங்கள் இருவர் விஷயம். வாரம் தவறாமல் பிள்ளையைப் பார்க்க இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு போகிறாயே, அதில் எனக்கு நிறைவுதான். போகாமல் இருந்திருந்தால்தான் உன்னிடம் கோபித்திருப்பேன்.

ஆனால் இரவில் போகாதே. வெள்ளி இரவு கிளம்பியே ஆக வேண்டுமென்றால் பெரம்பலூரோடு அன்றைய ஓட்டத்தை முடி. வீட்டில் படுத்துவிட்டு விடிந்தபின் போ. மேலத் திண்ணைக் கதவைத் தாழிடமாட்டேன். அம்மா விழித்துக் கேட்டால், ஆபீஸ் வேலையாகத் திருச்சி போகிறான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். வெங்காயம் ஒரு மூட்டை எடுத்து வைக்கிறேன். பாதியைத் திருவெறும்பூரில் கொடு. நான் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டாம், நீ வாங்கி வந்ததாகவே இருக்கட்டும். பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று மட்டும் ஒரு வரி அனுப்பு.

முன் சக்கரம் இரண்டையும் பார்த்தாயா? வாங்கும்போதே இடப்பக்கத்து டயர் தேய்ந்திருந்தது. நான்கு வழிச் சாலையில் வேகத்தில் டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக் காலை மட்டும் எடு. எதிரே ஹெட்லைட்டை டிம் செய்யாமல் வருகிறவனிடம் சண்டைக்குப் போகாதே. நீ டிம் செய், இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டு.

ஞாயிறு இரவு விக்கிரவாண்டி கடந்தபோது ஃபாஸ்டாக்கில் இருப்பு குறைவு என்று செய்தி வந்தது. ஆயிரம் ரூபாய் போட்டிருக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமைக்கு நீ எதுவும் கட்ட வேண்டாம்.

அன்புடன்,
அப்பா