கணக்கைக் காலையிலேயே வாசியுங்கள், தோழர்களே

நமது அமைப்பின் ஆண்டு மாநாட்டு வரவேற்புக் குழுத் தோழர்களுக்கு வணக்கம்.

மாநாட்டுச் சுற்றறிக்கை கிடைத்தது. எங்கள் கிளைக்கு 5 பேராளர்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள். போன வருடம் 3 பேர்தான். மகிழ்ச்சி. நிகழ்ச்சி நிரலையும் படித்தேன். காலையில் கொடியேற்றம், அஞ்சலித் தீர்மானம், வரவேற்புரை, தொடக்கவுரை, தோழமை அமைப்புகளின் வாழ்த்துரை. அப்புறம் வேலை அறிக்கை, அதன் மீது விவாதம். மாலை 5 மணிக்கு வரவு செலவு அறிக்கை, 5.15க்குப் புதிய நிர்வாகிகள் தேர்வு.

நான் எழுத வந்தது அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றி. மாவட்டக் குழுவில் இதை இரண்டு முறை பேசிவிட்டேன். "பார்ப்போம் தோழர்" என்றார்கள், அதோடு நின்றுபோனது. அதனால்தான் எல்லாக் கிளைத் தோழர்களும் படிக்கும்படி வெளிப்படையாக எழுதுகிறேன்.

போன மாநாட்டில் கணக்கு அறிக்கை எங்கள் கைக்கு எப்படி வந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு பக்க ஜெராக்ஸ். மேல் மூலையில் பேனாவால் எண் போட்டிருந்தது, எனக்கு வந்தது 112. "தோழர்கள் படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும்" என்று மைக்கில் சொன்னார்கள். இரண்டாம் பக்கத்துக்கு நான் வருவதற்குள் வாசலில் இருந்த தொண்டர் காகிதங்களை வாங்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து 5.40க்கு. எங்கள் கிளையின் மற்ற இரண்டு தோழர்களும் தூக்குவாளியும் கையுமாக வாசலில் நின்றார்கள். 112ஐ அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். கணக்கு ஏற்கப்பட்டதை மறுநாள் வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "ஏகமனதாக" என்று போட்டிருந்தது.

எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். மாநாட்டு நிதிக்கு ரசீதுப் புத்தகத்தோடு போனால் அவர் "இல்லை" என்று கையை விரித்ததே கிடையாது. பீடிக்கடையில் கூலி வாங்கி வருகிற சனிக்கிழமை பார்த்துப் போவேன். சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, தூள் ஒட்டிய விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, எட்டாக மடித்த 50 ரூபாய் நோட்டை எடுத்துத் தருவார். ரசீதில் தன் பெயரை எழுதுகிறேனா என்று குனிந்து பார்ப்பார். மாநாடு முடிந்த வாரம் என்னைக் கேட்டார்: "கணக்கு வாசிச்சாங்களா? நம்ம ஊரு ரூபா எவ்வளவுன்னு சொன்னாங்களா?" வாசித்திருப்பார்கள் என்று சொன்னேன். வாசித்தார்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

யாரும் பணத்தைத் தின்றுவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு சந்தேகம் எனக்கு இல்லை. தலைமைத் தோழர்கள் டீயும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டு இரவுப் பேருந்தில் அலைவதைப் பார்த்தவன் நான். என் கேள்வி வேறு. ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் உரக்க வாசி, நகலைக் கொடு, ஊராட்சி அலுவலகத்தில் பலகையில் எழுதி வை என்று நாம் எத்தனை மே 1, எத்தனை அக்டோபர் 2 போய்ச் சண்டை போட்டிருக்கிறோம்? தீர்மானப் புத்தகத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்காதே, படித்துக் காட்டிவிட்டு வாங்கு என்று எழுந்து நின்றது நம் தோழர்கள்தானே? அந்த நியாயம் நம் மண்டபத்துக்குள் வரும்போது மட்டும் ஏன் வாசலிலேயே நின்றுவிடுகிறது?

நம் பயிற்சி வகுப்புகளில் ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் கதையைச் சொல்லாத ஆண்டில்லை. 1990 மே 1 அன்று பீம் என்ற சிற்றூரில் கூலிக்காரர்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. இன்றும் அவர்களுடைய ஆண்டுக் கூடுகை அதே பீமில் மே தின மேளாவாகத்தான் நடக்கிறது. தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர், 1975ல் ஐ.ஏ.எஸ். பணியை விட்டு வந்தவர் என்பதை நாம் பெருமையாகச் சொல்வோம். அவர்கள் வெளிநாட்டு நிதி வாங்குவதில்லை, முழுநேர ஊழியர்கள் குறைந்தபட்சக் கூலிக்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் சொல்வோம். நாம் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு இடம் அதில் இருக்கிறது. நான் நிற்க விரும்புவது அங்கேதான்.

1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் அவர்கள் முதல் பொது விசாரணையை நடத்தினார்கள். அந்த விசாரணைகளில் செய்ததெல்லாம் இதுதான்: ஊராட்சி வேலைகளின் மஸ்டர் ரோலையும் (யார் எத்தனை நாள் வேலை செய்தார், என்ன கூலி வாங்கினார் என்ற பதிவேடு) பில்லையும் பெற்றுக்கொண்டு வந்து ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயர் வந்தது, செத்துப்போனவர் பெயர் வந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் எழுந்து "அந்த நாளில் நான் ஊரிலேயே இல்லை" என்று சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தணிக்கை செய்தார்கள். காதால் கேட்டாலே போதும் என்பதால் அது முடிந்தது.

அடுத்து நகல் பிரச்சினை வந்தது. ஆவணங்களின் நகல் தரப்படும் என்று 1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் வாக்குக் கொடுத்தார். ஒரு வருடம் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணா தொடங்கியதும் அவசரமாக ஒரு ஆணை வந்தது. ஆவணங்களைப் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம், ஜெராக்ஸ் கிடையாது. நம்மைப் போன்ற ஆட்கள் "சரி, இதுவாவது கிடைத்ததே" என்று கலைந்து போயிருப்போம். அவர்கள் போகவில்லை. பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது உரிமை ஆகாது, நகல் என் கையில் இருக்க வேண்டும் என்று 40 நாள் சாலையோரம் உட்கார்ந்தார்கள். "நம்ம பணம், நம்ம கணக்கு" என்பதுதான் கோஷம். 2005ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1997லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது உண்மைதான், ஆனால் அதில் விலக்குகள் ஏராளம்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்கிற நாமே 112ஆம் நகலை வாசலில் திருப்பி வாங்குகிறோம். என்னால் அதைத் தாங்க முடியவில்லை, தோழர்களே.

நீங்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். கணக்கு வெளியே போனால் எதிரிகள் பயன்படுத்துவார்கள். நன்கொடை தரும் கடைக்காரர்களுக்குத் தொந்தரவு வரும். இரண்டாவது நியாயமான கவலை. பெயர் வேண்டாம் என்பவர்களின் பெயரை விட்டுவிடுங்கள், தொகையைச் சொல்லுங்கள், எந்த ஊர் என்று சொல்லுங்கள். முதல் காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியாது. 2013 ஜூன் 3 அன்று மத்தியத் தகவல் ஆணையம் 6 தேசியக் கட்சிகளைத் தகவல் சட்டத்தின் கீழ் வரும் பொது அமைப்புகள் என்று அறிவித்தது. இடதுசாரிகள் உட்பட ஒருவரும் அதற்கு இணங்கவில்லை. அன்று நாம் வருத்தப்பட்டோம். பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்தபோது இனிப்புக் கொடுத்தோம், யார் பணம் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று துண்டறிக்கை போட்டோம். அந்தத் துண்டறிக்கையை அந்த அக்கா வீட்டில் நான்தான் கொடுத்தேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கொடியேற்றம் முடிந்ததும் முதல் வேலையாக வரவு செலவு. மேடையிலிருந்து, மைக்கில், நிதானமாக. மாவட்டத் தொகையோடு நிற்காமல் கிளை கிளையாக. மண்டப வாடகை, பந்தல், சாப்பாடு, பேச்சாளர் பயணச் செலவு எல்லாம் தனித்தனியாக. ஃபிளெக்ஸுக்கு எவ்வளவு ஆனது என்பதையும் சொல்லுங்கள், அதைக் கேட்டால் அடுத்த வருடம் நாமே குறைத்துக்கொள்வோம் என்று நினைக்கிறேன். நகலில் எண் போட வேண்டாம், திருப்பி வாங்க வேண்டாம். கேள்வி கேட்க ஒரு மணி நேரம் கொடுங்கள். நேரம் இல்லை என்றால் வாழ்த்துரைகளைக் குறையுங்கள். வாழ்த்த வருகிறவர்கள் கோபிக்க மாட்டார்கள், அவர்களும் நம்மைப் போல மாநாடு நடத்துகிறவர்கள்தான்.

இன்னொன்று, அன்று ஒரு நாள் மட்டும் பேராளர் அல்லாதவர்களையும் காலை அமர்வில் உட்கார விடுங்கள். அந்த அக்காவைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் கூலி போகும் என்று யோசித்தார். அப்புறம், இரவில் கூடுதலாகச் சுற்றிக்கொள்கிறேன், காலையில் வாசிக்கிறதாக இருந்தால் வருகிறேன் என்றார்.

எங்கள் கிளையின் இந்த வருட வசூல் 6,350 ரூபாய். ரசீது அடிக்கட்டைகள் மூன்று புத்தகமும் என்னிடம் இருக்கின்றன. வரும்போது கொண்டு வருகிறேன். எங்கள் ஊர் பெயர் வாசிக்கப்படும்போது தொகை சரியா என்று பார்த்துக்கொள்கிறேன். திருத்திய நிகழ்ச்சி நிரலை இந்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு முன்னால் அனுப்பி வையுங்கள்.

தோழமையுடன்,
ஒரு கிளைப் பொருளாளர்