மாத்திரையைச் சாப்பாட்டோடு போடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா நலம். போனில் அவள் சொன்ன அளவுக்கு நலம் இல்லை, நீ பயப்படும் அளவுக்கு மோசமும் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் அவள் எடுத்துப் படித்துவிடுவாள், அதனால் மெயில்.

குளியலறையில் விழுந்ததை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பு எதுவும் முறியவில்லை. ரத்தப் பரிசோதனையில்தான் வைட்டமின் டி 11 என்று வந்தது. 20-க்குக் கீழே போனாலே குறைபாடு என்று ரிப்போர்ட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

மெட்ராஸ் வெயிலில் இருந்துகொண்டு இது எப்படி என்று நம்ம டாக்டரிடம் கேட்டேன். வெயில் ஊரில் அடித்தால் போதுமா, தோலில் அடிக்க வேண்டாமா என்றார். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வராதாம். நாங்கள் விடிந்ததும் மேம்பாலத்துப் பூங்காவில் சுற்றுகிறோமே, அதுவும் இதற்கு உதவாது. சூரியன் அவ்வளவு தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிர் பெரும்பாலும் நம்மை எட்டுவதில்லை. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. நம்மைப் போலக் கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் வேண்டும். போதாததற்கு வயது வேறு. இருபது வயதுத் தோல் தயாரிப்பதில் ஏறக்குறைய கால்வாசிதான் எழுபது வயதுத் தோல் தயாரிக்கும்.

பழைய வீட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை. மாசி பிறந்தால் வடாம், அப்புறம் மிளகாய், மல்லி. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் உட்கார்ந்து காக்காய் விரட்டுவாள். இப்போது மாடிக்கு அசோசியேஷன் பூட்டுப் போட்டிருக்கிறது. கேட்டால் தண்ணீர்த் தொட்டி பாதுகாப்பாம். அதனால் பத்தரை மணிக்குக் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறேன். தை மாதம், தாங்குகிறது. சித்திரையில் அந்த நேரத்துக்கு அவளை வெளியே விட முடியாது.

வாரம் ஒரு கேப்சூல், 60,000 யூனிட், எட்டு வாரத்துக்கு. மதியச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. கொழுப்பில் கரைகிற சத்து, நெய்யோ எண்ணெயோ இருந்தால்தான் சரியாக உடம்பில் சேரும். எங்கள் பிளாக்கில் ஒருவர் வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டார். கால்சியம் ஏறி, வாந்தி, ஓயாத தாகம், ஆளே குழம்பிப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதனால் கேப்சூல் டப்பா என் அலமாரியில்தான் இருக்கிறது. நீ அனுப்பிய இரண்டு வைட்டமின் பாட்டிலையும் திறக்கவில்லை. இதோடு அதையும் சேர்க்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். கோபித்துக்கொள்ளாதே.

கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் முதியவர்களுக்கென்றே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. கொரோனா நேரத்தில் கொரோனா ஆஸ்பத்திரியாக இருந்ததே, அதுதான். 2024-ல் முதியோருக்கென்று திறந்தார்கள். அங்கேயும் அழைத்துப்போனேன். ஒரு கருவியைக் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள், கொஞ்ச தூரம் நடக்கவிட்டு நேரம் பார்த்தார்கள். ஃப்ரெயில்ட்டி, அதாவது வயதில் உடம்பு வலுவிழந்து தளர்ந்துபோவது, என்று எழுதினார் அந்த டாக்டரம்மா. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். 2001-ல் லிண்டா ஃப்ரைடு என்ற அமெரிக்க டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் ஐந்து அடையாளம் வகுத்திருக்கிறார்கள். முயற்சி பண்ணாமலே எடை குறைவது, எதற்கெடுத்தாலும் அலுப்பு, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டமே சுருங்கிப்போவது. மூன்று இருந்தால் ஃப்ரெயில்ட்டி. ஒன்றிரண்டு என்றால் அதற்கு முந்தைய கட்டம். அம்மாவுக்கு மூன்று. ஒரு வருஷத்தில் 58 கிலோவிலிருந்து 53. ரவிக்கை எல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது, தையற்காரர் அளவு தப்பாக எடுத்துவிட்டார் என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

வைட்டமினை ஏற்றினால் இதெல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டேன். குறைவதை நிரப்பத்தான் வேண்டும், அதற்கு மேல் கொட்டினால் வலு வராது என்றார். அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. பாதிப் பேருக்குத் தினம் 2000 யூனிட். 2022-ல் முடிவு வந்தது: எலும்பு முறிவும் குறையவில்லை, ஃப்ரெயில்ட்டியும் குறையவில்லை. குறைபாடு உள்ளவர்களாகப் பொறுக்கிச் சேர்த்த ஆய்வு இல்லை அது, அதனால் அம்மாவுக்கு அப்படியே பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் எழுபது தாண்டிய பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்களாம். விழுவது கூடிப்போயிற்று!

எனவே நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. தினம் முட்டை, வெள்ளிக்கிழமை மட்டும் சுண்டல். முனகிக்கொண்டே செய்கிறாள்.

அந்த ஐந்து அடையாளமும் அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கான அளவுகோல். தெரியும். ஆனாலும் பொங்கலன்று வீடியோவில் உன்னைப் பார்த்ததும் மனம் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. கழுத்தெலும்பு தெரிகிறது. பேச்சுக்குப் பேச்சு "அலுப்பா இருக்குப்பா" என்றாய். கடைசியாக எப்போது வெளியே போனாய் என்று அம்மா கேட்டதற்கு லைன் சரியில்லை என்றாய். லைன் நன்றாகத்தான் இருந்தது.

உன் ஊரில் அக்டோபர் முதல் மார்ச் வரை அடிக்கிற வெயில் இதற்குப் பற்றாது. குளிர்காலத்தில் எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் அரசாங்கமே சொல்கிறது. நம் நிறத்துக்காரர்கள் வருஷம் முழுக்க எடுப்பது நல்லதாம். டிசம்பரில் கிளாஸ்கோவில் நாலு மணிக்குள் இருட்டிவிடும் என்று நீதான் சொன்னாய். எங்களுக்குப் பாட்டில் பாட்டிலாக அனுப்புகிறாயே, நீ போடுகிறாயா? சாப்பாட்டோடு போடு. காபி மட்டும் குடித்துவிட்டுப் போடுவதில் பிரயோஜனமில்லை. முதலில் சாப்பாடு என்று ஒன்று இருக்கட்டும்.

புயல் காற்றில் பாலம் எவ்வளவு ஆடலாம் என்று கணக்குப் போடுகிறவள் நீ. உன் படம் வந்த பத்திரிகைப் பக்கத்தை லேமினேட் செய்து ஹாலில் வைத்திருக்கிறேன், கேஸ் போட வருகிறவருக்குக்கூடக் காட்டியிருக்கிறேன். ஆனால் மூன்று தடவை கூப்பிட்டால்தான் ஒரு தடவை எடுக்கிறாய், அதுவும் காமிரா இல்லாமல்.

மாப்பிள்ளை ஆபீஸ் போயிருக்கிறார் என்று பொங்கலன்று சொன்னாய். கிறிஸ்துமஸ் அன்றும் ஆபீஸ் என்றாய். கிறிஸ்துமஸ் அன்று அந்த ஊரில் எந்த ஆபீஸ் திறந்திருக்கும் என்று அம்மா என்னைக் கேட்டாள். அவசர வேலையாக இருக்கும் என்றேன். அவரும் அந்த மாத்திரையைப் போடலாம், அவர் பக்கத்தில் இருந்தால் சொல்.

பருப்புப் பொடியும் கறிவேப்பிலைப் பொடியும் தயார். அம்மா உட்கார்ந்தபடியே வறுத்தாள், மிக்ஸி என் பொறுப்பு. வியாழக்கிழமை கூரியரில் கொடுக்கிறேன். வீடியோவில் உனக்குப் பின்னால் பச்சைச் சுவர் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்த வீட்டில் எல்லாச் சுவரும் வெள்ளை. பழைய முகவரியே எழுதட்டுமா, வேறு எழுத வேண்டுமா என்று மட்டும் சொல். காரணம் எதுவும் எழுத வேண்டாம். பின்கோடை மட்டும் தெளிவாக அனுப்பு, அங்கே எழுத்தும் எண்ணும் கலந்து வருகிறது. பார்சலைத் தொலைபேசி எண் இல்லாமல் வாங்க மாட்டார்கள், யார் எண் கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

அப்பா